காலந்தவறிய திருத்தம்



பிழை கண்ட இடத்தில் அதைத் திருத்த வேண்டும் என்பது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. திருத்தம் எவ்வளவு வலிமையாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் பிழை மறையும் என்று நாம் எண்ணுகிறோம். இயந்திரங்களின் உலகில் இவ்வெண்ணம் பாதிதான் சரி. அங்கே திருத்தம் எவ்வளவு என்பதைப் போலவே, அது எப்பொழுது வந்து சேர்கிறது என்பதும் முக்கியம். காலந்தவறி வரும் திருத்தம் பிழையைக் குறைப்பதற்குப் பதிலாக அதை வளர்த்துவிடும். அத்தவறுதலை அளந்தறிவது எவ்வாறு, அளந்தபின் அதை ஈடுசெய்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. குழாயை மேலும் திருகுகிறோம். கொதிகலத்திலிருந்து வெந்நீர் வந்து சேரச் சில நொடிகள் ஆகின்றன. அதற்குள் பொறுமையிழந்து இன்னும் திருகிவிடுகிறோம். திடீரென்று கை சுடுகிறது. உடனே அவசரமாக மூடுகிறோம். சிறிது நேரத்தில் மீண்டும் குளிர்ந்த நீர். இங்கே குழாயில் குற்றமில்லை. நம் நோக்கத்திலும் குற்றமில்லை. நம் கை செய்த திருத்தத்திற்கும் அதன் பயன் தெரிவதற்கும் இடையே உள்ள காலத்தாழ்வே இத்தனை அலைச்சலுக்கும் காரணம்.

விளைவை அளந்து, விரும்பிய அளவோடு அதை ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கொண்டே இயந்திரத்தைச் செலுத்தும் முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் 1788-ஆம் ஆண்டில் அமைத்த சுழல் குண்டுகள் இதற்குப் புகழ்பெற்ற சான்று. எந்திரத்தின் வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகி உயரும், நீராவி வரும் வழி குறுகும், வேகம் தணியும். ஆனால் இத்தகைய ஆளிகள் சில வேளைகளில் வேகத்தை ஒரு நிலையில் நிறுத்தாமல், கூட்டியும் குறைத்தும் ஓயாமல் ஊசலாட வைத்தன. கிரீனிச் வானாய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ஏரி என்பவர், தொலைநோக்கியைச் சீராகச் சுழற்றும் ஆளியில் இதே தொல்லையைக் கண்டு, 1840-இல் அதைக் கணிதத்தால் ஆராய்ந்தார். மின்காந்தக் கொள்கையை வகுத்த மாக்ஸ்வெல் 1868-இல் ஆளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் வழி வகைக்கெழுச் சமன்பாடுகளின் வழி. அமைப்பு நிலையானதா என்பதை அது கூறும். நிலையற்ற ஒன்றை எவ்வாறு நிலைப்படுத்துவது என்பதை அதிலிருந்து கண்டுகொள்வது எளிதாக இல்லை.

எளிய வழி தொலைபேசித் துறையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மைல் நீளத்திற்குத் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்ட காலம் அது. வழியில் ஒலி தேய்ந்துபோகாமல் இருக்க, இடையிடையே மின்பெருக்கிகளை வைத்தார்கள். ஒவ்வொரு பெருக்கியும் குரலைச் சிறிது சிதைத்தது. பல பெருக்கிகளைக் கடந்தபின் பேச்சே புரியாத நிலை வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹெரால்ட் பிளாக் என்னும் இளம் பொறியாளர், 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். பெருக்கியின் விளைவில் ஒரு பகுதியை அதன் நுழைவாயிலுக்கே எதிர்க்குறியுடன் திருப்பி அனுப்பினால் சிதைவு குறையும் என்ற கருத்து அப்பொழுது அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் செய்தித்தாளின் பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொண்டார். அதற்கான காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது என்பதிலிருந்து, அக்கருத்து எவ்வளவு புதுமையாக இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பிளாக்கின் முறையில் ஓர் இடையூறும் இருந்தது. எதிர்க்குறியுடன் அனுப்பிய பகுதி, சில அமைப்புகளில், எதிர்ப்பதற்கு மாறாக ஊக்குவிக்கத் தொடங்கிற்று. பெருக்கி தானாகவே கூவத் தொடங்கும். பொறியாளர்கள் அதைப் 'பாடுதல்' என்றே அழைத்தார்கள். எதிர்க்க அனுப்பியது ஏன் உதவியாக மாறியது?

இதற்கு விடை காண விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வகுப்பறையில் நான் மாணவர்களைக் கொண்டு பலமுறை செய்வித்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஏறக்குறைய 1 மீட்டர் நீளமுள்ள நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டிக் கையால் தொங்கவிடுங்கள். கையை மிக மெதுவாக வலமும் இடமுமாக அசையுங்கள். கல் கையோடு கூடவே வரும். இனிக் கையை விரைவாக அசையுங்கள். கை வலப்புறம் போகும்போது கல் இடப்புறம் போவதைக் காண்பீர்கள். கல்லின் அலைவும் சிறிதாகிவிடும். இடைப்பட்ட ஒரு வேகத்தில், அதாவது ஏறக்குறைய 2 நொடிக்கு ஒரு முறை அசைத்தால், கல் மிகப் பெரிதாக ஊசலாடும்.

கையின் அசைவு உள்ளீடு. கல்லின் அசைவு விளைவு. ஒரே கல், ஒரே நூல். ஆனாலும் நாம் அசைக்கும் அதிர்வெண்ணுக்கு ஏற்ப இரண்டு செய்திகள் மாறுகின்றன. ஒன்று, விளைவின் வீச்சு உள்ளீட்டைப்போல் எத்தனை மடங்கு என்பது. இதைப் பெருக்கம் என்போம். மற்றொன்று, விளைவு எவ்வளவு பின்தங்குகிறது என்பது. முழு அலைவு ஒன்றை 360 பாகையாகக் கொண்டு இதை அளக்கிறோம். இதற்குக் கட்டப் பிந்துகை என்று பெயர். கல் கைக்கு நேர் எதிராகச் சென்றபோது பிந்துகை 180 பாகை. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இவ்விரண்டையும் அளந்து எழுதிக்கொள்வதே அதிர்வெண் முறை. உள்ளே இருக்கும் உறுப்புகளின் சமன்பாடு தெரியாவிட்டாலும், சோதனை செய்து இவற்றை அளந்துகொள்ளலாம் என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு.

இப்பொழுது பெருக்கியின் பாட்டு விளங்கிவிடும். நாம் எதிர்க்குறியுடன் திருத்தத்தை அனுப்புகிறோம். அது சுற்றி வருவதற்குள் 180 பாகை பின்தங்கிவிட்டால், எதிர்ப்பு தலைகீழாகி ஆதரவாகிவிடுகிறது. ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போது தடுக்க நீட்டிய கை, காலந்தாழ்ந்து, அது விலகிப் போகும்போது தள்ளுவதற்கு இது ஒப்பு. அந்த அதிர்வெண்ணில் சுற்றின் பெருக்கம் ஒன்றைவிடக் குறைவானால் அலைவு தேய்ந்து மறையும். எளிய அமைப்புகளில், ஒன்றைவிட மிகுந்தால் சுற்றுக்குச் சுற்று வளரும். சுவீடனில் பிறந்து பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹாரி நைக்விஸ்ட், 1932-இல் இதை முறையான தேற்றமாக நிறுவினார்.

அவருடைய தோழர் ஹென்றிக் போடே இதைப் பொறியாளர்கள் நாள்தோறும் கையாளும் வடிவத்திற்குக் கொண்டுவந்தார். சுற்றின் பெருக்கம் சரியாக ஒன்றாக இருக்கும் அதிர்வெண்ணைக் கண்டுபிடியுங்கள்; அதைக் கடப்பு அதிர்வெண் என்போம். அங்கே பிந்துகை எவ்வளவு என்று பாருங்கள். அது 180 பாகையை எட்ட இன்னும் எத்தனை பாகை மீதமிருக்கிறதோ, அதுவே கட்ட விளிம்பு. இதை ஆபத்துக்கு முன் நம்மிடம் உள்ள கையிருப்பு என்னலாம். 45 முதல் 60 பாகை வரை இருந்தால் அமைப்பு நல்லொழுக்கத்துடன் நடந்துகொள்ளும். மிகக் குறைந்தால் நடுங்கும்.

போடே 1940-இல் வெளியிட்ட மற்றோர் உண்மை இன்னும் ஆழமானது. பெருக்கத்தையும் பிந்துகையையும் நம் விருப்பம்போல் தனித்தனியே அமைத்துக்கொள்ள முடியாது. எளிய அமைப்புகளில், அதிர்வெண் பத்து மடங்காகும்போது பெருக்கம் பத்தில் ஒன்றாகத் தேய்ந்துகொண்டிருந்தால், பிந்துகை ஏறத்தாழ 90 பாகை. நூற்றில் ஒன்றாகத் தேய்ந்தால் அது 180 பாகை. ஆகவே, கடப்பு அதிர்வெண்ணின் இருபுறமும் பெருக்கம் மென்மையாகச் சரிய வேண்டும். செங்குத்தாகச் சரிந்தால் கையிருப்புக் கரைந்துவிடும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். காகிதமும் எழுதுகோலும் அருகில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

வானில் நகரும் பொருளைப் பின்தொடரும் ஆன்டெனா ஒன்றை மின்மோட்டார் சுழற்றுகிறது. பொருள் நொடிக்கு 1 பாகை நகர்ந்தால், ஆன்டெனா 0.1 பாகைக்கு மேல் பின்தங்கக்கூடாது என்பது நிபந்தனை. இதற்காகச் சுற்றின் பெருக்க எண்ணை 10 என்று வைக்க வேண்டியிருக்கிறது. மோட்டார் வேகம் பிடிப்பதற்கு உரிய கால மாறிலி 1 நொடி. நொடிக்கு இத்தனை ரேடியன் என்று அதிர்வெண்ணை அளந்தால், பெருக்கம் காண்பது எளிது. அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் காணுங்கள்; அதை அதிர்வெண்ணால் பெருக்கி, வந்த தொகையால் 10-ஐ வகுங்கள். பிந்துகையோ 90 பாகையும், அதிர்வெண்ணைத் தொடுகோட்டு மதிப்பாக உடைய கோணமும் சேர்ந்த தொகை.

பெருக்கம் ஒன்றாகும் இடத்தைத் தேடினால், அது நொடிக்கு 3.1 ரேடியன் அளவில் அமைகிறது. அங்கே பிந்துகை 162 பாகை. கையிருப்பு 18 பாகை மட்டுமே. இவ்வமைப்பை 1 பாகை திரும்பு என்று ஏவினால், அது 1.6 பாகை வரை ஓடித் திரும்பி வந்து, ஏறக்குறைய 8 நொடி ஊசலாடியபின்தான் அடங்கும். பின்தொடரும் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் கருவி பயனற்றதாகிவிட்டது.

என்ன செய்யலாம்? முதலில் தோன்றும் மருந்து, பெருக்கத்தைக் குறைப்பது. 50 பாகை கையிருப்பு வேண்டுமானால், 10 என்னும் எண்ணை ஏறக்குறைய 1.1 ஆக்க வேண்டும். நடுக்கம் நின்றுவிடும். ஆனால் நகரும் பொருளுக்குப் பின்னால் ஆன்டெனா 0.1 பாகைக்குப் பதில் 0.9 பாகை பின்தங்கும். நோயைத் தீர்க்க நோயாளியின் பணியையே நிறுத்தியதுபோல் ஆயிற்று.

இந்த இடத்தில்தான் ஈடுசெய் சுற்று வருகிறது. திருத்தம் செல்லும் வழியில் நாம் நுழைக்கும் சிறு அமைப்பு அது. அதில் இரு வகை உண்டு. முந்துகைச் சுற்று ஒன்று; பிந்துகைச் சுற்று மற்றொன்று.

முந்துகைச் சுற்று, பிழையின் அளவை மட்டும் பாராமல், பிழை எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. அதனால் அதன் விளைவு உள்ளீட்டுக்கு முன்னே செல்வதுபோல் தோன்றும். இது வருங்காலம் அறியும் சோதிடமன்று. போக்கைக் கண்டு முன்கூட்டிச் செயல்படுவதுதான். மிதிவண்டி சாயத் தொடங்கியதுமே, விழுவதற்குக் காத்திராமல், கைப்பிடியைத் திருப்புகிறோம் அல்லவா? அத்தகையது இது.

நம் கணக்கில், உயர் அதிர்வெண்ணில் பெருக்கத்தை 4 மடங்காக்கும் முந்துகைச் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது தரக்கூடிய மிகப் பெரிய முந்துகை 37 பாகை. இக்கோணத்தின் சைன் மதிப்பு, 4-இலிருந்து 1-ஐக் கழித்ததை 4-உடன் 1-ஐக் கூட்டியதால் வகுத்தால் கிடைக்கும் 0.6 ஆகும். அந்த உச்சம் அமையும் இடத்தில் சுற்று பெருக்கத்தை 2 மடங்காக்கும். எனவே பழைய பெருக்கம் அரையாக இருக்கும் அதிர்வெண்ணைத் தேடி, உச்சத்தை அங்கே அமைக்க வேண்டும். அது நொடிக்கு 4.4 ரேடியன். ஆகவே, சுற்றின் இரு முனை அதிர்வெண்களும் அதன் பாதியான 2.2, இருமடங்கான 8.8 என்று அமைகின்றன. புதிய கடப்பு அதிர்வெண்ணில் மோட்டாரின் சொந்தப் பிந்துகை 167 பாகை. அதில் மீந்த 13 பாகையோடு 37-ஐச் சேர்த்தால் கையிருப்பு 50 பாகைக்கு அருகில் வந்துவிடுகிறது. இப்பொழுது 1 பாகை ஏவினால், ஆன்டெனா 1.23 பாகைக்கு மேல் ஓடாது. ஒன்றரை நொடிக்குள் அமைதியடையும். நகரும் பொருளுக்கு 0.1 பாகைதான் பின்தங்கும் என்ற நிபந்தனையும் அப்படியே நிற்கிறது.

இத்தனையும் செய்வதற்கு வேண்டியவை இரண்டு மின்தடைகளும் ஒரு மின்தேக்கியும்தாம். குறி செல்லும் வழியில் 300 கிலோ ஓம் மின்தடை. அதற்குப் பக்க இணைப்பில் 1.5 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. அதன் பின் விளைவுக் கம்பியிலிருந்து தரைக்கு 100 கிலோ ஓம் மின்தடை. இச்சுற்று மாறாத குறியை நாலில் ஒன்றாகக் குறைத்துவிடும். ஆதலின் மின்பெருக்கியின் பெருக்கத்தை 4 மடங்காக உயர்த்திக்கொள்ள வேண்டும். இன்று பெரும்பாலும் கணிப்பொறி நிரலின் சில வரிகளே இவ்வேலையைச் செய்கின்றன. கணக்கு மட்டும் அதேதான்.

பிந்துகைச் சுற்று வேறு வழியில் செல்கிறது. மெதுவான மாற்றங்களுக்குப் பெருக்கத்தைத் தொடாமல் விட்டு, விரைவான மாற்றங்களுக்கு மட்டும் அதைக் குறைக்கிறது. நம் அமைப்பில் 0.008, 0.08 என்னும் முனைகளுடன் அதை அமைத்தால், 45 பாகைக்குச் சற்று மேல் கையிருப்புக் கிடைக்கும். ஆனால் கடப்பு அதிர்வெண் 3.1-இலிருந்து 0.8-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஆன்டெனா நிதானமாக நடந்துகொள்ளும்; சுறுசுறுப்பாக நடந்துகொள்ளாது. வெப்ப உலைபோன்ற மெல்ல மாறும் அமைப்புகளுக்கு இது தக்கது.

முந்துகைச் சுற்றுதான் மேலானது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அது விரைவான மாற்றங்களை 4 மடங்கு பெரிதாக்குகிறது என்றோம். அளவிடும் கருவியிலிருந்து வரும் இரைச்சலும் விரைவான மாற்றமே. அதுவும் 4 மடங்காகி மோட்டாரை அதிரச் செய்யும். இன்னும் மிகுதியான முந்துகை வேண்டுமென்று மடங்கை உயர்த்திக்கொண்டே போனால், இறுதியில் இரைச்சலைத்தான் பின்தொடர்வோம். அதிர்வெண் முறையில் விலையின்றிப் பெறும் நன்மை எதுவுமில்லை. விலையைத் தெரிந்து கொடுப்பவரே நல்ல வடிவமைப்பாளர்.

மற்றொரு செய்தியையும் மறக்கலாகாது. அளவீடு வந்து சேர்வதில் 0.1 நொடி தூய தாமதம் ஏற்பட்டால், நொடிக்கு 4.4 ரேடியன் அதிர்வெண்ணில் அதன் விலை 25 பாகை. நாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த கையிருப்பில் பாதி ஒரு கணத்தில் போய்விடும். தாமதம் 0.2 நொடியானால் முழுவதும் போய், அமைப்பு நிலையிழக்கும்.

இது காகிதக் கணக்கன்று. சுவீடனின் கிரிப்பன் போர் விமானம், கணிப்பொறியின் இடைவிடாத திருத்தம் இல்லாமல் நேரே பறக்க இயலாதவாறு அமைக்கப்பட்டது. அதன் முதல் மாதிரி 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் லின்ஷோப்பிங் நகரில் தரையிறங்கும்போது மேலும் கீழுமாக அலைந்து வீழ்ந்து நொறுங்கிற்று. 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில், மக்கள் திரளாகக் கூடிப் பார்த்துக்கொண்டிருந்த விழாவில், அவ்வகை விமானம் மற்றொன்று வீழ்ந்தது. இரண்டு முறையும் எவரும் உயிரிழக்கவில்லை. ஸ்டாக்ஹோமில் விமானி கைப்பிடியை விரைந்து பெரிதாக அசைத்தபோது, இறக்கையின் கட்டுப்பாட்டுத் தகடுகள் தம்மால் இயன்ற உச்ச வேகத்தை எட்டிவிட்டன. அதற்குமேல் அவை ஏவலுக்குப் பின்தங்கின. விமானி செய்த ஒவ்வொரு திருத்தமும் காலந்தாழ்ந்து வந்து அலைவை வளர்த்தது. பின்னர் அவ்விமானத்தின் கட்டுப்பாட்டு நிரலில், தகடுகள் வேக எல்லையை எட்டும்போது தோன்றும் கட்டப் பிந்துகையை ஈடுசெய்யும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. குளியலறையில் கை சுட்டதற்கும் வானில் விமானம் நிலை தடுமாறியதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே.

மாணவ நண்பர்களே, இயந்திரம் நடுங்கினால் இன்னும் வலிமையான மோட்டாரையோ இன்னும் பெரிய பெருக்கியையோ தேடுவது முதல் எண்ணமாக இருக்க வேண்டாம். அது எந்த அதிர்வெண்ணில் நடுங்குகிறது, அங்கே திருத்தம் எத்தனை பாகை பின்தங்குகிறது, கையிருப்பு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் முதலில் கேளுங்கள். விடை கிடைத்துவிட்டால், இரண்டு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் செய்யும் உதவியைப் பெரிய மோட்டார் செய்யாது என்பதைக் காண்பீர்கள்.

நான் கூறிய ஆன்டெனாவின் கணக்கை நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள். பின் 4 மடங்குக்குப் பதிலாக 3 மடங்கு என்று வைத்தால் முந்துகை எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று காணுங்கள். முந்துகை சரியாக 30 பாகை வந்தால் உங்கள் வழி சரி என்று அறியலாம். கல்லும் நூலும் கொண்ட சோதனையையும் இன்று மாலையே செய்துவிடுங்கள். அதிர்வெண் முறையின் முதற்பாடம் அந்த நூலின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.